இரண்டாகும் செல், பாதியாகும் செல்

சேற்று நண்டின் கொடுக்கு ஒடிந்தால் மறுபடி முளைக்கும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுப் பக்கம் நண்டு பிடிக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு கொடுக்கு தடித்தும் இன்னொன்று சின்னஞ்சிறியதாகவும் உள்ள நண்டு வலையில் ஏறினால், சிறியது ஒடிந்த இடத்தில் புதிதாக வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதே நண்டு பெண்ணாக இருந்தால், கடலுக்குப் போய் ஒரே ஈட்டில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். போன உறுப்பை மீட்பது ஒரு வேலை, புதிய நண்டுகளை உண்டாக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் அது செல் பிரிவதைக் கொண்டுதான் செய்கிறது. ஆனால் கொடுக்கில் நடக்கும் பிரிவு வேறு, முட்டைக்காக நடக்கும் பிரிவு வேறு. பள்ளியில் மைட்டாசிஸ், மியாசிஸ் என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்த வேறுபாடு இதுதான். தேர்வு முடிந்ததும் பெரும்பாலோர் மறந்துவிடும் அந்தப் பாடம், உயிர் ஏன் தொடர்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்லும் பாடம்.

இதைப் பற்றிப் பேச பரங்கிப்பேட்டை பொருத்தமான ஊர். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா உருவாக்கிய நிறுவனம் அது. 1960களிலிருந்து தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் இங்கே இறால் முட்டையையும் நண்டுக் குஞ்சையும் சிப்பியின் விந்தணுவையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து வந்திருக்கிறார்கள். உலக அளவிலும் செல் பிரிவதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு கடற்கரை ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தது. 1876இல் ஜெர்மானியரான ஆஸ்கர் ஹெர்ட்விக், ஒரு விந்தணுவின் உட்கரு முட்டையின் உட்கருவோடு சேர்வதே கருவுறுதல் என்று காட்டியது கடல் முள்ளெலியின் முட்டையில். அதற்குக் காரணம் உண்டு. பாலூட்டிகளின் கரு தாயின் உடலுக்குள் மறைந்திருக்கிறது. கடல் உயிர்கள் பலவும் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கடல் நீரை எடுத்து, ஒரு மாலைப் பொழுது பொறுமையாக உட்கார்ந்தால், ஒரு செல் இரண்டாவதையும் இரண்டு நான்காவதையும் நுண்ணோக்கியில் காணலாம்.

முதலில் ஒரு கேள்வி. செல் ஏன் பிரிய வேண்டும்? பெரிதாக வளர்ந்துகொண்டே போனால் என்ன?

கருவாடு போடுகிறவர்களுக்கு இதன் விடை தெரியும். நெத்திலியை அப்படியே உப்பிட்டுக் காய வைக்கலாம். பெரிய மீனைக் கீறிப் பிளந்துதான் உப்பு வைக்க வேண்டும், இல்லையென்றால் உப்பு உள்ளே எட்டும் முன்பே நடுச்சதை கெட்டுவிடும். செல்லுக்கும் அதே கணக்கு. உணவும் ஆக்சிஜனும் உள்ளே வருவதும் கழிவு வெளியே போவதும் அதன் மேற்பரப்பு வழியாகத்தான். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இருமடங்காக்கினால் மேற்பரப்பு நான்கு மடங்காகும், கொள்ளளவு எட்டு மடங்காகும். உள்ளே தேவை எட்டு மடங்கு கூட, வாசல் நான்கு மடங்குதான் கூடுகிறது. இப்படியே வளர்ந்தால் ஒரு கட்டத்தில் செல்லின் நடுப்பகுதி பட்டினி கிடக்கும். அதோடு, செல்லுக்கு வேண்டிய கட்டளைகள் எல்லாம் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வில் இருக்கின்றன. ஒரே ஒரு தொகுதிக் கட்டளை அளவில்லாமல் பெருத்த உடலை நடத்த முடியாது. ஆகவே பெரிய உயிர்களுக்குப் பெரிய செல்கள் கிடையாது, எண்ணிக்கையில் நிறையச் செல்கள் உண்டு. யானையின் தோல் செல்லும் எலியின் தோல் செல்லும் அளவில் அதிகம் வேறுபடுவதில்லை.

ஒரே செல்லால் ஆன உயிருக்குப் பிரிவதே பிள்ளை பெறுவது. வெள்ளாற்று நீரில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் டயட்டம் என்னும் நுண்பாசி கிடைக்கும். சிலிக்காவால் ஆன ஓடு அதன் உடலைச் சுற்றி இருக்கும். சூழல் ஒத்துவந்தால் சில டயட்டங்கள் நாளுக்கு ஒரு முறையாவது பிரியும். ஒன்று நாள்தோறும் இரண்டாகி, எதுவும் சாகாமல் இருந்தால், இருபதாவது நாளில் 10,48,576 செல்கள். உண்மையில் நுண் விலங்குகளும் மீன் குஞ்சுகளும் தின்று தீர்ப்பதால் அவ்வளவு மிஞ்சாது. அந்த இரையை நம்பித்தான் முகத்துவாரத்தின் மற்ற உயிர்கள் இருக்கின்றன.

டயட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் ஓடு இரண்டு பாதி. ஒன்று சற்றுப் பெரியது, மற்றது அதற்குள் அடங்குவது. செல் பிரியும்போது ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, குறையும் பாதியைத் தங்கள் ஓட்டுக்குள் அடங்கும்படி புதிதாகச் செய்துகொள்கின்றன. பெரிய பாதியைப் பெற்ற மகள் தாயின் அளவிலேயே இருக்கும். சிறிய பாதியைப் பெற்ற மகள் தாயைவிடச் சிறுத்துவிடும். தலைமுறை செல்லச் செல்ல அந்தக் குடும்பத்தின் சராசரி அளவு குறைந்துகொண்டே வரும். ஒரு வரம்புக்குக் கீழே போனதும் அவற்றுக்கு வேறு வழியில்லை. ஆண் செல், பெண் செல் என்று பிரிந்து கலந்து, புதிய செல்லாகி, ஓடு இல்லாமல் உப்பிப் பழைய அளவை அடைந்து, பிறகு புது ஓடு கட்டிக்கொள்கின்றன. வெறும் பிரிவாலேயே காலம் தள்ளிய உயிர், தொடர்ந்து வாழக் கலப்புக்கு வந்து நிற்கும் இடம் இது. இது டயட்டத்தின் ஓட்டுக்கே உரிய சிக்கல், எல்லா உயிருக்கும் பொதுவான காரணம் அல்ல. அந்தப் பொதுக் காரணத்துக்குப் பிறகு வருவோம்.

இப்போது கொடுக்குக்கு வருகிறேன். நண்டின் கொடுக்கு ஒடியும்போது பெரும்பாலும் அது தானாக விட்டுக்கொடுப்பது. காலின் அடியில் முறிவதற்கென்றே அமைந்த ஒரு மூட்டு உண்டு. எதிரி பிடித்துக்கொண்டால் அந்த இடத்தில் கழற்றிவிட்டுத் தப்பிக்கும். காயம் மூடியதும் அங்கே தோலுக்கு அடியில் உள்ள செல்கள் பிரியத் தொடங்குகின்றன. மடிந்து சுருண்ட சின்ன மொட்டு ஒன்று உருவாகும். அடுத்த முறை நண்டு ஓட்டை உரிக்கும்போது அந்த மொட்டு விரிந்து சிறிய கொடுக்காகும். இன்னும் சில உரிப்புகளில் பழைய அளவை நெருங்கும்.

இங்கே முக்கியமான நிபந்தனை, புதிதாக வரும் ஒவ்வொரு செல்லிலும் பழைய செல்லில் இருந்த கட்டளைகள் ஒன்று விடாமல் இருக்க வேண்டும் என்பது. டி.என்.ஏ. இழைகள் குரோமோசோம்களாகப் பகுக்கப்பட்டிருக்கின்றன. மனித செல்லில் 46, வரி இறாலின் செல்லில் 88, சிப்பியின் செல்லில் 20. எண்ணிக்கைக்கும் உயிரின் சிறப்புக்கும் தொடர்பில்லை என்பதை இதிலிருந்தே அறியலாம். பிரிவதற்கு முன்பு செல் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது. மனித செல்லில் இது ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள். படியெடுத்ததும் ஒவ்வொரு குரோமோசோமும் ஒட்டிய இரட்டையாக நிற்கும். பிறகு அவை சுருங்கித் தடிக்கின்றன. செல்லின் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து, ஒவ்வொரு இரட்டையின் இரண்டு பக்கத்தையும் பற்றுகின்றன. எல்லா இரட்டைகளும் செல்லின் நடுவில் வரிசையில் நின்ற பிறகுதான் இழுப்பு தொடங்கும். ஒன்றே ஒன்று சரியாகப் பற்றப்படாமல் இருந்தாலும் செல் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு வருகிறது. மேற்பார்வை பார்க்க அங்கே யாரும் இல்லை, சில புரதங்கள்தான் அந்தக் காவலைச் செய்கின்றன. இழுப்பு முடிந்ததும் விலங்கு செல் நடுவில் இறுகிப் பிளக்கும், தாவர செல் நடுவில் சுவர் எழுப்பும். இதுதான் மைட்டாசிஸ். ஜெர்மானியரான வால்தர் ஃபிளெமிங் சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களில் இதைக் கண்டு, படிப்படியாக வரைந்து 1882இல் நூலாக வெளியிட்டார்.

நம் உடலில் இது ஓயாமல் நடக்கிறது. எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒரு முறை புதிதாகிறது.

எப்போது பிரிவது, எப்போது நிறுத்துவது என்பதை யார் சொல்கிறார்கள்? இதற்கான துப்பும் கடலிலிருந்து வந்ததுதான். 1982இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் டிம் ஹன்ட், கருவுற்ற கடல் முள்ளெலி முட்டைகளில் ஒரு புரதத்தைக் கவனித்தார். செல் பிரிவை நெருங்க நெருங்க அது கூடிக்கொண்டே போகிறது, பிரியும்போது திடீரென்று காணாமல் போகிறது, அடுத்த சுற்றில் மறுபடி கூடுகிறது. சைக்ளின் என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதமே பிரிவின் நேரத்தை நிர்ணயிப்பவற்றில் ஒன்று. 2001ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருக்கும் கிடைத்தது. கடல் முள்ளெலி முட்டையில் உள்ள அதே ஏற்பாடுதான் ஈஸ்ட்டிலும் நண்டிலும் நம் உடலிலும் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு கெட்டு, நிறுத்து என்ற கட்டளையைச் செல் கேளாமல் பிரிந்துகொண்டே போவதுதான் புற்றுநோய். கீமோதெரபி மருந்துகளில் பல, பிரியும் செல்லைக் குறிவைப்பவை. அதனால்தான் வேகமாகப் பிரியும் முடிவேர் செல்களும் குடல் செல்களும் அவற்றோடு சேர்ந்து அடிபட்டு, நோயாளிக்கு முடி கொட்டுகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது.

இனி முட்டைக்கு வருவோம். மைட்டாசிஸ் முறையிலேயே முட்டையும் விந்தணுவும் உருவானால் என்ன ஆகும்? 88 குரோமோசோம் உள்ள முட்டையும் 88 உள்ள விந்தும் சேர்ந்தால் குஞ்சு இறாலுக்கு 176 ஆகும். அடுத்த தலைமுறைக்கு 352. சில தலைமுறையிலேயே செல் தாங்காது. ஆகவே இனச்செல்களை உண்டாக்கும்போது மட்டும் எண்ணிக்கையைப் பாதியாக்கும் தனி வகைப் பிரிவு தேவைப்படுகிறது. அதுதான் குன்றல் பிரிவு, மியாசிஸ்.

உடல் செல்லில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஜோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. குன்றல் பிரிவிலும் முதலில் டி.என்.ஏ. ஒரு முறை படியெடுக்கப்படும். ஆனால் அதன்பின் செல் இரண்டு முறை பிரிகிறது. முதல் பிரிவுக்கு முன்பு, தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஒன்றையொன்று தேடி, நீளவாட்டில் நெருங்கி ஒட்டி நிற்கின்றன. ஒட்டி நிற்கையில் இரண்டும் சில துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பிறகு ஜோடி பிரிந்து எதிர் எதிர் பக்கம் போகிறது. எந்த ஜோடியில் தாயுடையது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி எதுவும் கிடையாது. இறாலுக்கு 44 ஜோடி. துண்டு மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே ஒரே இறால் 17 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வெவ்வேறு வகை முட்டைகளை உண்டாக்க முடியும். ஒரு தாயின் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லாததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. அச்சடித்த மாதிரி இருக்கும் இரட்டையர் மட்டும் விலக்கு. அவர்கள் கருவுற்ற ஒரே முட்டை பின்னர் மைட்டாசிஸ் வழியில் இரண்டானதால் பிறந்தவர்கள்.

விந்தணு உருவாகும்போது ஒரு செல்லிலிருந்து நான்கு விந்தணு கிடைக்கும். முட்டையில் பங்கீடு அப்படி இல்லை. நான்கில் ஒன்று மட்டும் உணவுச் சேமிப்பு முழுவதையும் வைத்துக்கொள்ளும். மற்றவை துருவ செல்கள் என்ற பெயரில் சின்னப் பொட்டுகளாக ஒதுக்கப்பட்டு அழியும். முகத்துவாரத்துக் கற்களில் ஒட்டி வளரும் உண்ணத்தக்க சிப்பியில் இதை நன்றாகப் பார்க்கலாம். அது தண்ணீரில் விடும் முட்டை இன்னும் குன்றல் பிரிவை முடித்திருக்காது. விந்தணு நுழைந்த பிறகுதான் மிச்சத்தை முடிக்கும். முட்டையின் விளிம்பில் துருவ செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுங்கி வெளியே வருவது நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும்.

ஆண், பெண் என்ற பாகுபாடு உயிர்களிடம் எவ்வளவு பலவிதம் என்பதற்கும் இந்தக் கரையே சாட்சி. அந்தச் சிப்பி பெரும்பாலும் ஆணாக வாழத் தொடங்கும், வளர்ந்த பின் பலவும் பெண்ணாக மாறிவிடும். பிச்சாவரம் சதுப்பு நிலக் காட்டில் உள்ள தில்லை மரம், சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரம். அதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரத்தில் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் காய் வராது. கடலூர்க் கரை மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் தீர்மானிப்பதில்லை. முட்டை புதைந்த மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. வெப்பம் கூடினால் பெண், குறைந்தால் ஆண். கடற்கரை சூடாகிக்கொண்டே போனால் ஆண் ஆமைகள் அருகிவிடும் என்று அறிஞர்கள் அஞ்சுவது இதனால்தான். பால் எப்படித் தீர்மானிக்கப்பட்டாலும், இவை எல்லாவற்றிலும் பாதியாக்கும் அந்தப் பிரிவு மட்டும் மாறுவதில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கலப்பு எதற்கு? இணையைத் தேட வேண்டும், காலம் பார்க்க வேண்டும், பிறப்பவற்றில் பாதி முட்டையே இடாத ஆண்கள். கலப்பு இல்லாமலே பெருகினால் எல்லாம் பெண்ணாக, இருமடங்கு வேகமாகப் பெருகலாமே? அப்படிப் பெருகும் உயிர்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு. தூத்துக்குடி உப்பளங்களில் வாழ்ந்த ஆர்ட்டீமியா என்னும் சின்னஞ்சிறு உயிர் அப்படிப்பட்டது. ஆண் கிடையாது. பெண்ணே ஆணின் துணையின்றிப் பெண்களைப் பெறும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்கு இரையாக ஆர்ட்டீமியா இனத்தையும் கொடுக்கிறார்கள். உப்பு கரிக்கும் பாத்தியில், வேறு எதிரி அதிகம் இல்லாத இடத்தில், அந்த வாழ்க்கை அதற்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் சூழல் மாறினால் சிக்கல். எல்லாம் ஒரே அச்சு என்றால் ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். நோய்க் கிருமிகள் வேகமாகப் பிரிந்து வேகமாக மாறுகின்றன. பெரிய உயிர்கள் அந்த வேகத்தில் பிரிந்து அவற்றுக்கு ஈடு கொடுக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் கட்டளைகளைக் குலுக்கிக் கலந்து, கிருமி பழகியிராத புதிய சேர்க்கைகளை உண்டாக்குவதே அவற்றால் செய்ய முடிந்தது. இன்னொரு பயன், படியெடுப்பில் நேர்ந்த பிழைகள் கலப்பினால் சில பிள்ளைகளில் ஒன்றுசேர்ந்து அவற்றோடு மடிகின்றன, மற்ற பிள்ளைகள் அந்தப் பிழைகளிலிருந்து தப்புகின்றன. கலப்பின் பயன் இன்னதுதான் என்று ஒரே காரணத்தில் அறிஞர்கள் நின்றுவிடவில்லை. என் மதிப்பீட்டில், நோயோடு ஓயாமல் நடக்கும் இந்தப் போட்டிதான் வலுவான காரணம்.

குன்றல் பிரிவு எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்ட பிச்சாவரத்தில் ஒரு மரம் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரவிய இந்தக் காட்டில் படகில் போகும்போது, வளைந்த முட்டுவேர்களோடு நிற்கும் சுரபுன்னை மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ரைசோபோரா அப்பிக்குலேட்டா, ரைசோபோரா முக்ரோனேட்டா என்று இரண்டு இனங்கள் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட தோற்றத்தோடு சில மரங்கள் இருப்பதைப் பரங்கிப்பேட்டை மையத்தின் பேராசிரியர் க. கதிரேசன் கவனித்து, 1990களில் அதைப் பதிவு செய்தார். பல்கலைக்கழகத்தின் பெயரால் அதற்கு ரைசோபோரா அண்ணாமலையானா என்று பெயர். அந்த இரண்டு இனங்களும் இயற்கையாகக் கலந்து பிறந்த கலப்பினம் அது. டி.என்.ஏ. ஆய்வுகளும் அதை உறுதி செய்தன.

இந்தக் கலப்பின மரம் நன்றாக வளர்கிறது, பூக்கிறது. ஆனால் அதில் காய் பிடிப்பது அரிது. மைட்டாசிஸும் மியாசிஸும் தனித்தனி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் அறியேன். வளர்வதற்கு ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் படியெடுத்தால் போதும், பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆகவே இலையும் வேரும் தண்டும் குறைவின்றி வருகின்றன. இனச்செல்லை உண்டாக்கத்தான் தாய்வழிக் குரோமோசோம் தன் இணையான தந்தைவழிக் குரோமோசோமைக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். இரண்டும் வெவ்வேறு இனத்தவை என்றால் அந்த இணைப்பு பல சமயம் சரியாக அமைவதில்லை. கலப்பினங்கள் மலடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, அவற்றின் பிள்ளையான கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை எண்ணில் எல்லாவற்றுக்கும் ஜோடி எங்கே கிடைக்கும்? வாழ்நாளெல்லாம் மூட்டை சுமக்கும் வலுவுள்ள அந்த விலங்கு, குட்டி போடுவது மிக மிக அரிது.

சுரபுன்னைக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது. பெரும்பாலான செடிகளின் விதைக்குள் கரு ஓரளவு வளர்ந்ததும் செல் பிரிவு நின்றுவிடும். விதை உலர்ந்து உறங்கும், மழை கண்டால் விழிக்கும். உப்புச் சேற்றில் அப்படி உறங்கிக் கிடந்தால் பிழைப்பது கடினம். ஆகவே சுரபுன்னையின் கரு உறங்குவதே இல்லை. தாய் மரத்தில் தொங்கியபடியே பல மாதங்கள் செல்கள் பிரிந்து, காயிலிருந்து நீண்ட பச்சைத் தண்டு வெளியே இறங்கும். அது விதை அல்ல, நாற்று. விழுந்ததும் சேற்றில் குத்தி நிற்கலாம், இல்லையென்றால் மிதந்து போய் வேறொரு கரையில் வேர்விடலாம். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிச்சாவரத்தில் மரம் நடுகிறவர்கள் சேகரிப்பது இந்த நாற்றுகளைத்தான்.

நண்டுக்குத் திரும்புவோம். பெண் நண்டு ஓட்டை உரித்து உடல் மென்மையாக இருக்கும் சமயத்தில்தான் இணை சேரும். அதற்குச் சில நாள் முன்பிருந்தே ஆண் நண்டு அதைத் தன் வயிற்றடியில் அணைத்துச் சுமந்து திரியும். பெற்ற விந்தைப் பெண் நண்டு உடலுக்குள் சேமித்து வைத்து, மாதங்கள் கழித்தும் பயன்படுத்தும். சேற்று நண்டு முகத்துவாரத்தை விட்டுக் கடலுக்குப் போய் முட்டையிடும். முட்டைகள் தண்ணீரில் சிதறுவதில்லை. வயிற்று மடலுக்கு அடியில் உள்ள சிறு உறுப்புகளில் ஒட்டிக்கொண்டு கொத்தாக நிற்கும். இதுதான் சினை நண்டு.

நீலக்கால் நண்டும் இப்படியே சினை சுமக்கும். கொத்தின் நிறத்தை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லலாம். புதிதாக இட்ட முட்டை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும், முழுக்க மஞ்சள் கரு. செல்கள் பிரிந்து பிரிந்து அந்தச் சேமிப்பைத் தின்று உடலாக மாற்ற மாற்ற நிறம் பழுப்பாகும். கண்கள் உருவானதும் சாம்பல் கலந்த கறுப்பாகும். அடுத்து பொரிப்புதான். நம் கடல் வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ ஒன்றரை வாரம். பொரிந்து வருவது நண்டின் உருவத்தில் இருக்காது, சோயியா என்னும் மிதக்கும் இளவுயிரி. பல முறை ஓடு உரித்து, மெகலோபா என்ற நிலையைக் கடந்து, பிறகே நண்டாகும். வழியில் மீனும் நுண் விலங்கும் தின்றது போக, லட்சக்கணக்கில் ஒரு சிலவே கரை சேரும். அவ்வளவு முட்டை இடுவது அந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

இறால் முட்டையைச் சுமப்பதில்லை, கடலில் நேரே விட்டுவிடும். ஒரே இரவில் பல முறை பிரிந்து, ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண் காம்பை நசுக்கியோ வெட்டியோ நீக்குவது நெடுங்கால வழக்கம். முட்டை முதிராமல் தடுக்கும் ஹார்மோன் கண் காம்பில் உள்ள சுரப்பியில் இருப்பதே காரணம். 1943இல் பிரெஞ்சு அறிஞர் பனூஸ், கண் காம்பு நீக்கிய இறாலில் சினைப்பை வேகமாக முதிர்வதைக் காட்டினார். பயனுள்ள அறிவுதான். ஆனால் கண்ணைப் பறித்துத்தான் முட்டை வாங்க வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். அதைக் கைவிடும் முயற்சிகள் உலகில் தொடங்கியிருப்பது நல்ல செய்தி.

தமிழகக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கிழக்குக் கடற்கரையில் மீன் பிடிக்கக் கூடாது. 2017க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. மீன்களுக்கும் இறால்களுக்கும் முட்டையிட்டுப் பெருக அவகாசம் தருவதே இதன் நோக்கம். அன்னங்கோவில் இறங்குதளத்திலும் முடசலோடையிலும் அந்நாட்களில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அந்தக் குடும்பங்கள் வருமானமின்றிப் பொறுத்துக்கொள்ளும். அவர்கள் பொறுப்பதற்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்று உண்டு. சந்தையில் நண்டு வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். வயிற்று மடலுக்கு வெளியே முட்டைக் கொத்து தெரிந்தால், அது எந்த நிறமானாலும், வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லையென்றால் சினை நண்டை வலையிலிருந்து எடுத்ததும் கடலிலேயே விட்டுவிடுவது பிடிப்பவருக்கும் எளிதாகும். உங்களுக்குத் தெரிந்த மீன் வியாபாரியிடமும் இதைச் சொல்லுங்கள்.